உதறும் முன் சக்கரம்

கடப்பாரையால் இடித்துத்தான் எர்தெனெயைத் தரையிலிருந்து பிரித்தார்கள்.

உலான்பாத்தரின் வடக்கு ஓரம். காலை எட்டரை மணி. மைனஸ் முப்பத்தி நாலு டிகிரி.

நேற்று மாலை ஏழு மணிவாக்கில் ஏதோ ஒரு வண்டி அவனை அடித்துப் போட்டிருக்கிறது... பிறகு ரிவர்ஸில் வந்து இன்னொரு முறை ஏறியிருக்கிறது. தலை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை!

அவனுடைய தங்கை நொமின் அழுதாள். அந்தக் குளிரில் கண்ணீர் இமையிலேயே உறைந்து, கண்ணைத் திறக்க விடவில்லை.

அதோடு போயிற்றா? அவளுடைய புருஷன் துல்காவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"மச்சானும் மச்சானும் நேத்து ஷெட் வாசல்ல சட்டையைப் பிடிச்சுக்கிட்டதைத் தெருவே பார்த்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் தவா. "ஷெட் இருக்கற இடத்தை அபார்ட்மெண்ட்காரங்களுக்கு வித்துடலாம்னு இவன். இடம் என் பேர்ல இருக்கு, முடியாதுன்னு அவன். வேற யாரைத் தேடச் சொல்றே?"

"அவர் வாய்ச்சவடால் பேர்வழி சார். நேத்து ஏழு மணிக்கு என் கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார்."

"பொண்டாட்டி சாட்சி எடுபடுமா? இடிச்ச வண்டியைக் கொண்டு வந்து காட்டு. அப்பவே விட்டுடறேன்."

ஜீப் போய்விட்டது.

அண்ணன் போயாச்சு. மிச்சம் இருப்பது இந்த ஒருத்தன்தான். அவனையும் விட்டுவிட்டால் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஷெட்டுக்கு வந்தாள் நொமின். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே மெக்கானிக்குகள். அடுப்பில் நிலக்கரியைக் கொட்டி மூட்டினாள். ஷெட் மெல்லச் சூடேறியது.

வாசலில் ஹாரன்!

வெள்ளை நிற ஜப்பான் கார். ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒர்கில் என்று பெயர் சொன்னான்.

"துல்கா அண்ணன் இல்லையா?"

"வெளிய போயிருக்கார். என்கிட்ட சொல்லு தம்பி."

அவன் தயங்கினான். வாட்சைப் பார்த்தான்.

"நேத்து நல்லா ஓடிச்சுக்கா. ராத்திரி வெளிய நின்னுச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணி எடுத்ததுல இருந்து ஒரே உதறல். உடனே எல்லைக்குக் கிளம்பணும். வேற எந்த ஷெட்டும் இன்னும் திறக்கல."

"எல்லைக்கா? அறுநூறு கிலோமீட்டர். நடுவுல நின்னா விறைச்சுப் போய் குச்சி ஐஸ் ஆயிடுவே."

"அதனாலதானே வந்தேன்."

இன்ஜினை ஓடவிட்டு பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். தூங்குகிற பூனை மாதிரி சீராக இருந்தது. இன்ஜின் இல்லை... ஓட்டிப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள் குதித்தது.

"ராத்திரிக் குளிர்ல டயரோட அடிப்பக்கம் தட்டையாகிடும். ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடினா சரியாகிடும். நீ எவ்வளவு தூரம் வந்தே?"

"பன்னெண்டு."

"அப்ப டயரும் இல்ல. முன் சக்கரம் ஏதோ ஒண்ணு."

ஷெட்டுக்குள் ஏற்றி ஜாக்கி வைத்தாள். வலது முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். சுற்றியது... நின்றது. மறுபடி சுற்றினாள். அதே பக்கம்தான் கீழே வந்து நின்றது.

"ஒரு பக்கம் கனம் கூட."

கழற்றித் திருப்பினாள்.

வளையத்தின் உட்பக்கத்தில் ஐஸ் கட்டி. செங்கல் அளவு. வெள்ளை.

"ஓ... அதுவா?" ஒர்கில் சிரித்தான். "வழியனுப்பறப்போ அம்மா சக்கரத்துல பால் தெளிச்சாங்க. எல்லா அம்மாவும் பண்றதுதானே."

உண்மைதான். அவளே எத்தனையோ பயணங்களுக்குத் தெளித்திருக்கிறாள். ஆனால் பாலைக் கரண்டியால் வெளிப்பக்கம் தெளிப்பார்கள்... உட்பக்கம் போய் லிட்டர் கணக்கில் ஊற்றுவார்களா? அதுவும் ஒரே ஒரு சக்கரத்துக்கு?

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். டீத்தூள்!

நாடே ஃபிளாஸ்கில் தூக்கிக்கொண்டு அலைகிற உப்புப் போட்ட பால் டீ. இந்தக் குளிரில், நடுத்தெருவில், அவசரமாக எதையாவது கழுவ வேண்டுமென்றால் கைக்குக் கிடைக்கிற ஒரே வெந்நீர்!

எதைக் கழுவினான்?

ஷெட்டின் சூட்டில் ஐஸ் உருகத் தொடங்கியது. ஒரு சொட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. இளஞ்சிவப்பு. அடுத்த சொட்டு... சிவப்பு.

ஐஸுக்குள் நீலநிறக் கம்பளி இழைகள். புத்தாண்டுக்கு அண்ணனுக்கென்று அவளே பின்னிய மஃப்ளர்.

"எந்த அம்மாடா சக்கரத்துக்கு உப்புப் போட்டு டீ ஊத்துவா?"

பின்னால் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்புவதற்குள் வீல் ஸ்பேனர் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவள் காதுக்கே கேட்டது! மல்லாந்து விழுந்தாள்.

"ஒழுங்கா சக்கரத்தை மாட்டிக் குடுத்திருக்கலாம்ல? ஏன் நோண்டறே?"

மார்பில் ஏறி உட்கார்ந்து குரல்வளையை நெரித்தான். கண் இருண்டது. வலது கை தரையில் துழாவியது... ஸ்பேனர் இல்லை... சுத்தியல் இல்லை... ஏதோ ஒரு இரும்புக் குழாய்.

ஜாக்கியின் கைப்பிடி!

அவனுடைய ஒரு கால், சக்கரம் கழற்றிய இடத்துக்குக் கீழே நீண்டிருந்ததை அவள் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

இறக்குகிற பக்கமாகத் திருகினாள்.

மொத்த வண்டியும் இறங்கியது. பிரேக் தட்டு முழங்காலுக்குக் கீழே பதிந்து, எலும்பைத் தரையோடு அரைத்தது. ஒர்கில் அலறிய அலறலில் தெரு நாய்கள் குரைத்தன.

நொமின் இருமிக்கொண்டே எழுந்தாள். ஸ்பேனரை எடுத்து அவன் வாயில் ஒரு போடு போட்டாள். இரண்டு பற்கள் தெறித்தன.

"எங்க அண்ணன் உனக்கு என்னடா பண்ணினான்?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலக்கா... அடிக்காதீங்க... துல்கா அண்ணன்தான் வண்டி குடுத்து ஏத்தச் சொன்னாரு. எதுனா பிரச்சனைன்னா ஷெட்டுக்கு வான்னாரு."

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னே?"

"இடம் உங்க பேருக்கு வருமாம். அண்ணன் போன துக்கத்துல நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டுடுவீங்களாம். ஏழு மணிக்கு உங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டா நீங்களே சாட்சி சொல்லுவீங்கன்னாரு."

ஒன்பதுக்கு முன்னால் சாப்பாட்டுக்கு உட்காராதவன் நேற்று ஆறரைக்கே தட்டைப் போடச் சொன்னான். மூன்று முறை மணி கேட்டான். அண்ணன் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாம் முறை கறி போட்டுக்கொண்டான்... அவள்தான் பரிமாறினாள்.

நொமின் போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார். இடிச்ச வண்டி கிடைச்சிடுச்சு. ஓட்டினவனும் இருக்கான். வண்டிக்கு அடியில."

மறுமுனையில் தவா திகைத்தார்.

"தப்பு என்னோடதும்மா. சொன்ன மாதிரியே உன் புருஷனை இப்பவே வெளிய விட்டுடறேன்."

"வேணாம் சார்," என்றாள் நொமின். "வெளிய ரொம்பக் குளிருது. ஆயுசு முழுக்க உள்ளேயே கதகதப்பா இருக்கட்டும்."