ஆறாம் இலக்க நட்சத்திரம்

பூரணி திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது பகல் பதினொரு மணி. மட்டக்களப்பிலிருந்து விடியமுதல் புறப்பட்டவள். வழியில் ஆறு சோதனைச் சாவடியில் எல்லோரோடும் சேர்ந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, திரும்ப ஏறியிருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் பயணம் என்றால் அப்படித்தான். கைப்பையில் ஆனந்தராசாவின் அக்கா அன்னலட்சுமி அனுப்பிய கடிதம் இருந்தது.

‘தம்பி ஆனந்தராசாவின் கொப்பிகளும் கண்ணாடித் தட்டுகளும் அவனுடைய அறையிலேயே கிடக்கின்றன. எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அவனோடு வேலை செய்தவர் நீர்தானே. வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் அவனுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.’

அவ்வளவுதான். மறைப்பதற்கு அதில் ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

எண்பத்து நாலில் பூரணியும் ஆனந்தராசாவும் தென்னிந்தியாவில் ஒரு மலையுச்சி வானாய்வகத்தில் ஒன்றாக ஆராய்ச்சி செய்தார்கள். வானத்தில் எக்ஸ் கதிர் வரும் இடங்களைச் செயற்கைக்கோள் கண்டுசொல்லும். ஆனால் எந்த நட்சத்திரத்திலிருந்து வருகிறது என்று சொல்ல அதற்கு ஏலாது. சிறிய வட்டமொன்றைப் போட்டு, இதற்குள் எங்கோ என்று விட்டுவிடும். அந்த வட்டத்துக்குள் எட்டுப் பத்து மங்கல் நட்சத்திரங்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் ஒளியையும் தொலைகாட்டியால் பிடித்து, நிறமாலையாகப் பிரித்து, கண்ணாடித் தட்டில் பதித்துப் பார்ப்பதுதான் இவர்கள் வேலை. சாதாரண நட்சத்திரம் என்றால் இருண்ட கோடுகள் விழும். தேடுகிற நட்சத்திரத்தில் மட்டும் ஐதரசனும் ஈலியமும் பிரகாசமான கோடுகளாக எரியும். செத்துச் சுருங்கிய நட்சத்திரம் ஒன்று, பக்கத்தில் உயிரோடிருக்கும் துணையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு வட்டத்தில் ஆறாம் இலக்க நட்சத்திரத்தை பூரணி மூன்று இரவுகள் குளிரில் நின்று பதிவு செய்தாள். தட்டைக் கழுவியது ஆனந்தராசா. இருட்டறையிலிருந்து வெளியே வந்தவன், “தட்டு புகைமண்டிப் போச்சு, பூரணி. ஒண்டும் இல்லை. எறிஞ்சிட்டன்” என்றான். அவள் நம்பினாள். அவனை நம்புவது அவளுக்கு அப்போது மூச்சு விடுவதுபோல. அதற்கு மேலும் ஏதோ இருவருக்குமிடையில் இருந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

உதவித்தொகை முடிந்தது. கையில் ஒரு கண்டுபிடிப்பும் இல்லாமல் ஊர் திரும்பி, மட்டக்களப்பில் விஞ்ஞான ஆசிரியையானாள். பிறகு யுத்தம். ஆராய்ச்சிச் சஞ்சிகைகளைக் கண்ணால் காண்பதும் நின்றுபோனது. ஆனந்தராசா திருகோணமலைக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டாள். தொண்ணூறு ஆனிமாதக் குழப்பத்தில் செத்துப்போனான் என்றும் கேள்விப்பட்டாள். அன்று பாடசாலைக் கிணற்றடியில் நின்று அழுதாள்.

வீடு உவர்மலையில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. தெரு முழுக்க மான்கள் படுத்து அசைபோட்டன. பக்கத்து வீட்டு வாழைத்தோலை ஒரு குட்டி மென்றுகொண்டிருந்தது. அன்னலட்சுமி வீட்டு வளவுக்குள் மட்டும் ஒரு மானும் இல்லை. தெருப் படலை திறந்துதான் கிடந்தது. புல்லும் முழங்காலளவு வளர்ந்திருந்தது.

விறாந்தையில் கதிரையொன்றில் அன்னலட்சுமியின் கணவர் தம்பிராசா இருந்தார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வலது கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துணியால் சுற்றியிருந்தார். அன்னலட்சுமி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் அவர் முன்னால் குனிந்தார்.

“பிள்ளை, நீங்கள் கெதியா, கை ஓயாம எழுதுவீங்களோ?”

“என்ன ஐயா?”

அவர் தன் கையைப் பார்த்தார். அன்னலட்சுமியின் காலடி கேட்டதும் கடலைப் பார்த்தார்.

“முதல்ல அறையைப் பாரும், தங்கச்சி. பிறகு சாப்பிடலாம்” என்றாள் அன்னலட்சுமி. தேத்தண்ணியை வைக்கும்போது அவள் பூரணியின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் நினைவு என்று பூரணி எண்ணிக்கொண்டாள்.

அறை வீட்டின் பின்புறம். ஆனந்தராசா அதைப் படம் கழுவும் இருட்டறையாக மாற்றியிருந்தான். இருந்த ஒரே யன்னலின் கண்ணாடிக்குக் கறுப்புத் தார் பூசியிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் கனத்த அலுமாரி ஒன்று. அதை இழுத்த தடம் சீமெந்துத் தரையில் ஆழமாகப் பதிந்திருந்தது. கதவைத் திறந்ததும் புளித்த மருந்து வாசம் முகத்தில் அடித்தது. அதற்கடியில் வேறொரு வாசம். பூட்டிய பெட்டிக்குள் ஈரத்துணி கிடந்தால் வருமே, அது.

வெளியில் உச்சி வெயில். உள்ளே ஒரு சொட்டு வெளிச்சமில்லை.

பூரணி டோர்ச்சை அடித்துக்கொண்டு போனாள். மேசையில் கொப்பியும் பேனையும். கீழே தட்டுகள் அடுக்கிய மரப்பெட்டி. முதல் தட்டை அதன் கடதாசி உறையோடு எடுத்தாள்.

உறையில் இருந்த எழுத்து அவளுடையது.

திகதி, நேரம், ‘இல. 6’. தட்டை வெளியே எடுத்து டோர்ச்சுக்கு முன்னால் பிடித்தாள். புகையில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஐதரசன் கோடுகள் வரிசையாக, அகன்று, பளிச்சென்று நின்றன. நீலப் பக்கத்தில், அவள் மூன்று இரவுகள் தேடிய அந்த ஈலியக் கோடு.

தட்டுக்கு அடியில் ஒரு சஞ்சிகைக் கட்டுரையின் பிரதி இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு. அந்த எக்ஸ் கதிர் மூலத்தை ஆறாம் நட்சத்திரமாக அடையாளம் கண்டதாக அறிவிக்கும் கட்டுரை. எழுதியவர் ஒருவர்தான். கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன பட்டியலில் சமையல்காரரின் பெயர்கூட இருந்தது. பூரணியின் பெயர் இல்லை.

அவன் செத்ததற்கு அழுதது நினைவுக்கு வந்தது.

பின்னால் கதவு சாத்துப்பட்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அக்கா? அன்னலட்சுமி அக்கா!”

கதவுக்கு அந்தப் பக்கம் விம்மல். “மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை. ஆமி சுற்றிவளைப்பு வருது எண்டு சனம் கத்தேக்க நான்தான் தம்பியை இதுக்குள்ள விட்டுப் பூட்டினனான். கதவு தெரியாம அலுமாரியை இழுத்து வச்சனான். நாளைக்கு வந்து திறக்கிறன், சத்தம் போடாத எண்டனான். சனத்தோட சனமா நாங்களும் ஓட வேண்டி வந்திட்டுது. சாம்பல்தீவு தாண்டிக் காட்டுக்குள்ள கிடந்தனாங்கள். திரும்பி வரப் பத்தொன்பது நாள்...”

பூரணி கதவை இரண்டு கையாலும் அடித்தாள். “திறவுங்கோ!”

“செத்த பிறகும் அவன் எழுத ஆள் கேட்டான், பிள்ளை. இவர் எட்டு மாதமா எழுதினவர். விரல் இனி நிமிராது. இவருக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு அவனுக்குக் கோபம். பூரணியைக் கூப்பிடு, இவரை விடுறன் எண்டு சொன்னவன். என்ர புருசன், பிள்ளை... நான் என்ன செய்ய?”

டோர்ச் மங்கியது. சிவந்தது. அணைந்தது.

இருட்டு கண்ணில் ஒட்டிக்கொண்டது. ஏதோ ஒரு தொட்டியில் தண்ணீர் மெல்ல அசைந்தது. யாரோ தட்டைக் கழுவுவதுபோல, இடமும் வலமும், ஒரே சீராக.

அசைவு நின்றது.

“பூரணி. வந்திட்டீரோ?”

காதுக்குப் பக்கத்தில். மூச்சில்லாத குரல்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். வாயில் வந்தது பயமல்ல. “தட்டு புகைமண்டிப் போச்சு எண்டனீர்.”

தொட்டியில் தண்ணீர் மறுபடி அசைந்தது.

“ஒன்பது வருசம், ஆனந்தராசா. என்னால ஏலாது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான். என்ர பெயர் எங்க?”

“இஞ்ச நல்ல இருட்டு” என்றது குரல். “எனக்கு இப்ப தொலைகாட்டியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். எல்லா வட்டத்துக்குள்ளயும் எது எண்டு தெரியுது. கைதான் இல்லை.”

குளிர்ந்த ஈரம் ஒன்று அவள் மணிக்கட்டைச் சுற்றியது. மருந்து வாசம் தொண்டைக்குள் இறங்கியது.

“எழுதும்.”

பேனை தன் விரல்களுக்குள் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. குரல் இலக்கங்கள் சொன்னது. வானத்தில் இடங்கள், அலைநீளங்கள், கோட்டின் அகலங்கள். கை தன்பாட்டில் ஓடியது. பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம் புரண்டது. ஒவ்வொரு இலக்கமும் அவளுக்கு விளங்கியது; அதுதான் பயங்கரம். இது சரி, இது புதிது, இதை ஒருவரும் இன்னும் காணவில்லை என்று மனம் தாவிக்கொண்டு பின்னால் ஓடியது. மலையுச்சியில் இருந்த அதே சந்தோசம். எவ்வளவு நேரம் என்று அவள் யோசிக்கவில்லை. விரல் மூட்டுக்குள் ஊசி ஏறுவதுபோல வலித்தது. அந்த வலியிலும் நிறுத்த மனம் வரவில்லை.

“மேல பெயரை எழுதும்” என்றது குரல். “என்ர பெயரை.”

அவள் நிமிர்ந்தாள்.

அந்த ஒரு சொல்லில் சந்தோசம் அறுந்துவிழுந்தது. இடது கை அவளுடையதாகத்தான் இருந்தது. அதால் தடவினாள். கனமாக அகப்பட்டது மரப்பெட்டி ஒன்றுதான். அதற்கு மேல்தான் ஆறாம் இலக்கத் தட்டை வைத்திருந்தாள். அவளுடைய கண்டுபிடிப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. பிரித்தெடுக்க நேரமில்லை.

பெட்டியை அந்தக் கையால் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, யன்னல் இருந்த பக்கம் எறிந்தாள்.

தார் பூசிய கண்ணாடி உடைந்தது. தட்டுகள் உடைந்தன. பின்னேர வெயில் பளீரென்று அறைக்குள் விழுந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. மூலையில் தூசியைத் தவிர எதுவுமில்லை. அவள் மணிக்கட்டில் மட்டும் ஈரம்.

தாழ்ப்பாள் நீங்கியது. தம்பிராசா சுற்றிய கையாலும் முழங்கையாலும் அதைத் தள்ளித் திறந்திருந்தார்.

“ஏன் திறந்தனீங்கள்? இனி உங்களை விடானே!” என்று அன்னலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

“போதும், அன்னம்” என்றார் அவர். “அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?”

பூரணி கொப்பியிலிருந்து தான் எழுதிய பதினாறு பக்கங்களையும் கிழித்தாள். குசினிக்குப் போய் அடுப்பில் போட்டு, கரியாகும்வரை நின்றாள். உடைந்த தட்டுகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. படலையடியில்தான் ஒருமுறை நின்றாள்.

“அக்கா, நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் நான் வந்திருப்பன்.”

அன்னலட்சுமி முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம், பாடசாலை இடைவேளையில் அதிபர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து பூரணியின் மேசையில் வைத்தார். இந்திய முத்திரை; திருகோணமலை விலாசத்தை வெட்டி, அன்னலட்சுமி மட்டக்களப்புக்குத் திருப்பியிருந்தாள். மலையுச்சி வானாய்வகத்திலிருந்து, அவள் அறியாத ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். ஆனந்தராசா அனுப்பிய பட்டியலில் முதல் ஆறு நட்சத்திரங்களையும் நிறமாலை எடுத்துப் பார்த்துவிட்டார்களாம். ஆறிலும் கோடுகள், சொன்ன அலைநீளத்தில், சொன்ன அகலத்தில். இப்படியொரு துல்லியத்தை யாரும் கண்டதில்லையாம். யுத்தத்துக்குள் இருந்துகொண்டு எந்தத் தொலைகாட்டியால் செய்கிறீர்கள் என்று வியந்திருந்தார். உங்கள் சரிபார்ப்புக்காக, நீங்கள் கையால் எழுதி அனுப்பிய கட்டுரையின் பிரதியையும் இணைத்திருக்கிறேன் என்று முடித்திருந்தார்.

பிரதியில் முப்பத்தொரு பக்கங்கள். கடைசித் திகதி போன மாதம் பதினேழு.

எழுத்து முழுக்க அவளுடையது: அவள் எரித்த பதினாறும், எழுதிய நினைவே இல்லாத பதினைந்தும்.

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். தலைப்புக்குக் கீழே ஆனந்தராசா என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், இந்த முறை, பூரணி என்றும் இருந்தது.

பெயர்களுக்குக் கீழே உவர்மலை வீட்டின் விலாசம். அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு:

‘இருவரும் இப்போது இங்கே.’