தூங்குகிறவரின் கை

"ஏட்டி, நான் நடக்கும்போது நான் எங்க இருப்பேன்?"

காதுக்குப் பின்னால் பழக்கி என்ற கருவியைப் பொருத்திக்கொள்வதற்கு முந்தைய நாள் ஞானதிரவியம் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். பொன்மலர் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தூங்கிக்கிட்டு இருப்பீங்க. வேற எங்க போகப் போறீங்க?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தூத்துக்குடியில் கடல் ஏறிவந்த பிறகு கட்டிய நெடுஞ்சுவரின் மேல், விடியும் நேரத்தில் ஊரே நடக்கும். எல்லோருடைய கண்களும் திறந்திருக்கும். அவற்றுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். பேச்சு கிடையாது, காலணிகளின் ஓசை மட்டும்தான். சுக்குக் காபி விற்க வந்த ஒருவர், "தூங்குறவன்கிட்ட என்னத்த விக்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனவர் திரும்ப வரவேயில்லை.

பழக்கி ஓர் உளுந்தின் அளவுதான். மனத்தைத் தூங்க வைத்துவிட்டு உடம்பை மட்டும் எழுப்பும். பல் துலக்கி, நடக்க வைத்து, மூச்சுப் பயிற்சி கொடுத்து, கசப்பான கீரைச்சாற்றைக் குடிக்க வைத்து, மறுபடி கட்டிலில் கொண்டுவந்து கிடத்தும். ஆள் கண் விழிக்கும்போது நல்லதெல்லாம் முடிந்திருக்கும். மன உறுதி என்ற சொல்லுக்கு நேரே, அகராதியில் 'பழைய வழக்கு' என்று போட்டுவிட்டார்கள்.

ஞானதிரவியம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்; இதயக் குழாய்கள் பாதி அடைத்திருந்தன. நடக்காவிட்டால் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வோர் இரவும் அவர், "நாளையிலேருந்து" என்பார். காலையில் போர்வைக்குள்ளிருந்தும் அதே சொல்தான் வரும். பொன்மலர் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். கடைசியில் பழக்கி மையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அவளுடைய தோல் பழக்கியை ஏற்கவில்லை. அதனால் அந்தச் சுவரின் மேல் விழித்திருக்கிற ஒரே ஆளாக அவள் நடந்தாள். அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. சுவரிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகளில் பாசி வழுக்கும். அங்கே மட்டும் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

கார்த்திகையில் ஒருநாள், அந்தப் படி வந்ததும் அவருடைய கை தானாக அவள் கையைத் தேடி வந்தது.

பொன்மலர் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை தானாக நீண்டதில்லை. தினமும் சட்டையைப் பிடித்துப் பிடித்து, கருவி அதையும் ஒரு பழக்கமாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள். எதற்கோ நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தக் கருவியுடன் பேச ஆரம்பித்தாள். வீட்டில் அவரை 'நீங்க' என்பவள், சுவரின் மேல் 'நீ' என்றாள். வீட்டில் பேச ஒன்றுமில்லை. அவர் தான் வேலை பார்க்கும் உப்புநீக்கி ஆலையைப் பற்றிச் சொல்வார், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பார். அதற்கு மேல் இருவருக்கும் நடுவே எதுவும் வராது. முந்தைய நூற்றாண்டில், ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேசாமலிருக்க, ஆளுக்கொரு ஒளிரும் பலகையைக் கையில் வைத்துக் குனிந்திருப்பார்களாம். இந்தக் காலத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை.

சுவரின் மேல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிறக்காமல் போன பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். மாசி மாதத்தில் ஒருநாள் இதையும் சொன்னாள்: "அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாருல்லா, அப்ப ஒரு நொடி, போனாப் போகட்டும்னு நெனச்சேன். வீட்டுல இருக்க ஆளு எனக்கு வேண்டாம். நீ போதும்."

பிடித்திருந்த கை ஒரு கணம் தளர்ந்து, மறுபடி இறுகியது. பாசியில் கால் வழுக்கியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில் வருடாந்திரப் பரிசோதனை வந்தது. மையத்துப் பெண் பழக்கியைக் கழற்றித் தட்டில் வைத்துத் திறந்தாள்.

"ஏன் சார், இதை வெச்சுக்கிட்டா நடந்தீங்க? உள்ள பூரா உப்பு. ஐப்பசி அடைமழையிலேயே செத்துப்போயிருக்கு."

"இருக்காதும்மா," என்றாள் பொன்மலர். "ஒருநாள் தவறாம நடக்காங்க. கையைப் பிடிக்கக்கூட அது கத்துக்கிட்டுதே."

"கத்துக்கிறதா? இதுக்கு நடக்கத் தெரியும், குனியத் தெரியும், நிமிரத் தெரியும். அவ்வளவுதாம்மா."

ஞானதிரவியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

நடந்தது இதுதான்: ஐப்பசி மழையில் ஒரு விடியலில் அவர் பாதி வழியில், பாசிப் படியில் விழித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பத்தான் நினைத்தார். ஆனால் சட்டையில் ஒரு கை இருந்தது. இவ்வளவு காலம் ஒருத்தி தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவள் கையை எடுத்துவிடுவாள். ஆகவே கண்களை வெறுமையாக வைத்துக்கொண்டு நடந்தார். உயிருக்குப் பயந்தும் எழாத மனிதர், மறுநாள் அந்தக் கைக்காகத் தானே எழுந்தார். மாசியில் அவள் சொன்னதைக் கேட்ட பிறகும் எழுந்தார்.

மையத்துப் பெண்ணுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. "அப்ப சார் சொந்தமா நடந்திருக்கீங்க! உங்களைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு ஊருக்குக் காட்டணும். இதயம் இளந்தாரிப் பையனுக்கு இருக்க மாதிரி இருக்கு. இனி இந்தக் கருவியே வேண்டாம். என்ன சார்?"

அவர் மனைவியைப் பார்த்தார். கருவி வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்மலருக்கோ தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. இவரை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா? தலை நிமிராமல், தட்டில் கிடந்த செத்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு போட்டுருங்க," என்றார் ஞானதிரவியம்.

மறுநாள் விடியும்போது அவர் எழுந்தார். காலணியை மாட்டினார். கீரைச்சாற்றை முகம் சுளிக்காமல் குடித்தார். அவள் கூடவே போனாள்.

பாசிப் படிகள் வந்தன. பொன்மலர் நின்று கையை நீட்டினாள். அவர் கண்களில் கடலின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"நீங்க..." என்றாள், சுவரின் மேல் முதன்முறையாக.

அவளைக் கடந்து நடந்தவர்களில் ஒருவர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைச் சந்தித்ததும், அவசர அவசரமாகப் பார்வையை வெறுமையாக்கிக்கொண்டு நகர்ந்தார்.

புதிய பழக்கிக்குச் சமநிலை அருமையாக இருந்தது. ஞானதிரவியத்தின் கால்கள் வழுக்கவே இல்லை. கைகள் இரண்டும் அளவாக வீசிக்கொண்டிருக்க, அவர் படிகளில் இறங்கி, மணலில் நடந்து, தூங்குகிற கூட்டத்துக்குள் போய்விட்டார்.