ஒரு பூட்டு மிச்சம்

எல்லோரும் தங்கள் பூட்டைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் கம்பியில் ஒரு பூட்டு மிச்சம் இருந்தது.

நோயேமி அதைப் பார்த்தபடி நின்றாள். சிவப்புப் பூட்டு, மற்றவர்களுடையதைப் போலவே. நெத்திலியை வேகவைக்கும் பெரிய உருளைக்குள் வேலை செய்ய நுழைகிற ஒவ்வொருவரும் தன் பூட்டை இந்தக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கம்பி மெயின் சுவிட்சையும் நீராவிக் குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும். சாவி அவரவர் கழுத்தில். வெளியே வந்தால் அவரவரே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். உருளைக்குள் மீனைத் தள்ளும் பெரிய திருகு சுற்றாது, நீராவி பாயாது. இந்த மீன்மாவு ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்ததிலிருந்து அவள் எதையெதையோ விட்டுக்கொடுத்திருக்கிறாள். இதை மட்டும் விட்டதில்லை.

வெளியே காலையிலிருந்தே கடற்பனி இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டு சொட்டாக வடிந்து, குழாய்களின் மேல் வழிந்து, தரையில் பழைய மீன் எண்ணெயோடு கலந்து, எத்தனை தடவை கழுவினாலும் போகாத அந்த வாடையை மறுபடி எழுப்பியது. பனிக்குள் எங்கோ படகுகள் ஊதின. கூழைக்கடாக்கள் துறைமுகப் பாலத்தில் இறகு நனைந்து நின்றன. தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்துவிட்டது.

அவள் அட்டையைத் திருப்பினாள். ஒவ்வொரு பூட்டோடும் ஓர் அட்டை தொங்கும், அதில் ஆளின் படம் இருக்கும். பூட்டில் கைவைக்கிறவன் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுக் கைவைக்கட்டும் என்று அவள் கொண்டுவந்த வழக்கம். இந்த அட்டையில் படம் வெந்து கரைந்திருந்தது. ஹெல்மெட்டின் வளைவும், அதன் கீழே கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறைகளும் மட்டும் தெரிந்தன. அட்டையின் துளையில் ஒரு நூல் கட்டியிருந்தது. நிறம் போய், எண்ணெயில் ஊறி, தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

நேற்று மாலை அவள் இந்தக் கம்பியைப் பார்த்தாள். அப்போது இந்தப் பூட்டு இல்லை.

ஆட்கள் வாசலருகே, மீனவர்களின் புனிதர் சான் பெத்ரோவின் சிலையைச் சுற்றி நின்று, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய செவிச்சே மீனைத் தின்றுகொண்டிருந்தார்கள். பாதிரியார் காலையிலேயே வந்து புனித நீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார். அவள் எல்லோரையும் பூட்டையும் சாவியையும் காட்டச் சொன்னாள். எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் கையிலும் அவரவர் பூட்டு இருந்தது.

"அப்ப அது யாரோடது?"

"சான் பெத்ரோவோடதா இருக்கும்," என்றான் மெக்கானிக் தோரிபியோ, சிலையின் கையைக் காட்டி. "சாவிக்கொத்தே அவருகிட்டதான இருக்கு? கேட்டுப் பாருங்க, இஞ்சினியரம்மா."

சிரித்தார்கள். இயந்திரத்தை ஓட்டுகிற மாக்ளோவியோ வாயில் மீனோடு சொன்னான்: "அவரையும் சும்மா விடமாட்டாங்க. செருப்புப் போட்டு வேலைக்கு வந்ததுக்கு வெளக்கம் எழுதிக் கேப்பாங்க."

அவளும் சிரித்தாள்.

அவள் தோரிபியோவோடு உருளைக்குத் திரும்பினாள். அது கொட்டகையின் முழு நீளத்துக்கும் படுத்திருந்தது. இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது போல. ஆள் நுழையும் வாய் இந்தப் பக்கம் மட்டும். மறுகோடி அடைத்த இரும்பு. வாயின் மூடி இன்னும் திறந்தே கிடந்தது. அவள் உள்ளே குரல் கொடுத்தாள். குரல் போனது, திரும்பவில்லை. டார்ச்சின் பின்புறத்தால் உருளையின் விலாவில் இரண்டு தடவை தட்டினாள். விளக்கு அணைந்து குரலும் எட்டாவிட்டால் இரண்டு தட்டு: நான் இருக்கிறேன். அவளே சொல்லிக்கொடுத்தது.

கொட்டகை அமைதியாக இருந்தது. ஒரு சொட்டு விழுந்தது.

மறுகோடியிலிருந்து, மிக மெதுவாக, இரண்டு தட்டு.

அவள் தோரிபியோவைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

"இரும்புதாம்மா. மாசக்கணக்கா தூங்கிக் கெடந்துச்சுல்ல. சோம்பல் முறிக்குது."

"இரும்பு எண்ணித் தட்டாது."

அப்போது ஆலை மேலாளர் செகார்ரா பனியைத் துடைத்துக்கொண்டு வந்தார். கையில் பூட்டு வெட்டும் பெரிய கத்தரி. "யாரோ பழைய ஒப்பந்தக்காரன் மாட்டிட்டுப் போயிருப்பான். வெட்டுங்க, இஞ்சினியர். படகெல்லாம் வயித்த நெறச்சுக்கிட்டு நிக்குது. நெத்திலி நமக்காகக் கெடாம இருக்குமா?"

"உள்ள தட்டுது, செகார்ரா சார்."

"ஆளுங்க எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. நீங்களே பாத்தீங்க. பின்ன யாரு தட்டறது?"

"தெரியல. பாக்காம வெட்ட மாட்டேன்."

"வெட்டலேன்னா நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஆளு உக்காந்து வெட்டுவான்."

"வெட்டட்டும். நான் வெட்டல."

அவர் கத்தரியைத் தரையில் போட்டார். ஓசை உருளை முழுக்க ஓடி அடங்கியது. "போய்ப் பாருங்க. என் காபி ஆறறதுக்குள்ள வாங்க." அவர் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே இருப்பது யாராக இருந்தாலும், திருகு சுற்றத் தொடங்கினால் அவர் கத்துவது வெளியே கேட்காது. அதை மட்டும்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். காற்றை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். விஷவாயு இல்லை. மூச்சுவிடப் போதுமான காற்று இருந்தது. மின்விசிறியை உருளையின் வாயோரம் பொருத்தினாள். பிறகு தன் பூட்டை எடுத்து, அந்த மிச்சப் பூட்டின் பக்கத்தில் மாட்டினாள். அவள் அட்டையில் ஒரு பச்சை நூல் இருந்தது. காலையில் சமையல்கட்டில் நின்று மகள் யாமிலே கட்டிவிட்டது. "பச்சைன்னா போலாம்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்குப் போலாம்."

சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இந்த எடத்த விட்டு நகரக் கூடாது, தோரிபியோ. செகார்ரா கூப்பிட்டாலும்."

"என் மாமியாரே செத்தாலும் நகர மாட்டேன். சந்தோஷத்துல வேணா எந்திரிச்சு நிப்பேன்." பிறகு சிரிக்காமல் சொன்னான்: "நான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருங்க."

அவள் நுழைந்தாள்.

நடுவில் ஆள் தடிமனுக்குத் திருகின் தண்டு. அதைச் சுற்றிச் சுற்றித் தகடுகள். தகடுகளுக்கு மேலே, நீராவிக்காக விட்ட இடைவெளியில் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். கழுவி உலர்த்திய உருளை. ஆனாலும் இரும்பின் துளைகளுக்குள் புகுந்துவிட்ட மீனின் நாற்றம், வேறு ஏதோ இனிப்பான ஒன்றோடு சேர்ந்து, அவள் மூச்சு படும் இடத்திலிருந்து எழுந்தது. மின்விசிறியின் இரைச்சல் பின்னால் குறைந்துகொண்டே வந்தது. தகடுகளின் நிழல்கள் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று, அவளுக்கு முன்னால் நகர்ந்து போயின. திருகு மெல்லச் சுற்றுவது போலத் தெரிந்தது. கையைத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றவில்லை.

ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. நீராவி நிறுத்தி மாதங்கள் ஆகின்றன.

"இஞ்சினியரம்மா!"

"இருக்கேன்!"

ஊர்ந்தாள். முழங்கை வழுக்கியது. ஹெல்மெட் கூரையில் உரசிய ஒவ்வொரு தடவையும் அதே உரசல் சற்றுத் தள்ளி, முன்னால், இன்னொரு முறை கேட்டது. எதிரொலி, என்று சொல்லிக்கொண்டாள். நின்றாள். உரசல் ஒருமுறை கேட்டது. பிறகு நின்றது.

"இஞ்சினியரம்மா!"

"இருக்கேன்."

அவன் குரல் தூரத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நுழைந்த வாய் ஒரு தட்டளவுக்குச் சாம்பல் வெளிச்சமாகத் தெரிந்தது.

கடைசித் தகட்டைத் தாண்டி இறங்கினாள். அதற்கும் மறுகோடிச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு இடம். டார்ச்சை நாலு பக்கமும் அடித்தாள். மேலே. கீழே. தண்டின் அடியில்.

யாரும் இல்லை.

மூச்சை விட்டாள். அங்கேயே உட்கார்ந்தாள். இரும்புதான். சோம்பல் முறித்திருக்கிறது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம். செகார்ராவின் காபி இன்னும் சூடாக இருக்கும்.

அப்போதுதான் சுவரில் பார்த்தாள்.

உட்கார்ந்திருந்தவளின் தோள் உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு சிறு குழிகள். சுற்றிலும் துருவும் கருப்பும் படிந்திருக்க, குழிகள் மட்டும் வெள்ளி போலத் தேய்ந்து மின்னின. ஒரே இடத்தில், ஒரே பொருளால், திரும்பத் திரும்பத் தட்டிய குழிகள்.

அவள் டார்ச்சைத் திருப்பினாள். அதன் பின்புறத்தை முதல் குழியில் வைத்தாள்.

பொருந்தியது.

"இஞ்சினியரம்மா!" தோரிபியோ கூப்பிட்டான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்," என்றது ஒரு குரல்.

அவள் சொல்லவில்லை. குரல் உருளையின் வாயருகிலிருந்து வந்தது. அவளுடைய குரல். சற்றே சளி கட்டிய, கடைசி எழுத்தை இழுக்கிற அவளுடைய குரல்.

"இந்தா வந்துட்டேன். கையக் குடு."

"ஏம்மா இவ்ளோ சில்லுனு இருக்கு கை?"

"உள்ள குளிரு."

அவள் கத்தினாள். தோரிபியோவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குரல் வந்தது. காது அடைத்தது. ஆனால் தகடுகளைத் தாண்டவில்லை. ஈரத்துணியில் ஊற்றிய தண்ணீர் போல அங்கேயே ஊறிப் போயிற்று. அவள் தகட்டின் மேல் ஏறினாள். வழுக்கியது. மறுபடி ஏறினாள். ஊர்ந்தாள். முழங்கை கிழிந்தது. ஊர்ந்தாள். சாம்பல் வட்டம் கிட்டே வரவில்லை. அதே தட்டளவு. எத்தனை தகடு தாண்டினாலும் அதே தட்டளவு.

வட்டத்துக்குள் ஒரு தலை நுழைந்தது.

ஹெல்மெட். அதன் கீழே ஒரு முகம். டார்ச் வெளிச்சம் நேராக நோயேமியின் கண்ணில் விழுந்தது. அவள் கைகளை ஆட்டினாள். முகம் பார்த்தது. இடம் பார்த்தது. வலம் பார்த்தது. மேலே, கீழே, தண்டின் அடியில். மூடுவதற்கு முன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாளோ, அப்படியே, பொறுமையாக, எதையும் விட்டுவிடாமல் பார்த்தது. பிறகு மறுபடி அவள் முகத்துக்கு வந்து நின்றது. நின்றது.

லேசாகச் சிரித்தது.

"யாருமில்ல," என்றது அவள் குரல். "மூடு."

வட்டம் பிறையாயிற்று. கோடாயிற்று. போயிற்று.

மரையாணிகள் இறுகின. ஒவ்வொன்றாக.

திரும்பினாள். முதுகுக்குப் பின்னாலேயே மறுகோடிச் சுவர். அவள் ஓர் அடியும் நகர்ந்திருக்கவில்லை.

சட்டைக்குள் கையை விட்டாள். சாவி இருந்தது. நெஞ்சோடு ஒட்டி, ஈரமாக, அவளிடம்தான் இருந்தது.

வெளியே பூட்டு திறந்த ஓசை கேட்டது. பிறகு இன்னொன்று.

"அட, ரெண்டுமே உங்க பூட்டுத்தானாம்மா?" தோரிபியோ சிரித்தான். இரும்பின் வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. "அப்பாடா. ஊரையே கூட்டிட்டீங்களே!"

"என்னுதுதான். மறந்துட்டேன்."

பச்சை நூல். மூன்று சுற்று, ஒரு முடிச்சு. மிச்சப் பூட்டின் நிறம் போன நூலிலும் அதே கட்டு. யாமிலேவுக்கு வேறு முடிச்சு போடத் தெரியாது.

அவள் டார்ச்சைத் திருப்பிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள்.

வெளியே பேச்சு நின்றது.

"மறுபடியும் தட்டுது. கேக்குதா இஞ்சினியரம்மா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தோரிபியோ. தோரிபியோ. நகராதே. இன்னும் இரண்டு தட்டு.

"எண்ணித் தட்டுதும்மா. நீங்கதான சொன்னீங்க, இரும்பு எண்ணித் தட்டாதுன்னு?"

"இரும்புதான்," என்றது அவள் குரல், இதமாக. "சோம்பல் முறிக்குது. மாக்ளோவியோவ ஓட்டச் சொல்லு. எனக்கு வீட்டுக்குப் போகணும். பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

காலடிகள் போயின. ஒன்று கனமானது. ஒன்று அவளுடையது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு சுவருக்குள் எங்கோ நீராவி சீறியது. குழாய்கள் நடுங்கின. டார்ச் வெளிச்சத்தில் கடைசித் தகடு, ஒரு விரல் அகலம், அசைந்தது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இடம் சரியாக இருந்தது. முதல் குழியில் தட்டினாள். இரண்டாவது குழியில் தட்டினாள். முதல் குழி. இரண்டாவது குழி.

குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.