பதினெட்டு மில்லி

சுரங்கக் கதவின் பூட்டு எளிதாகத் திறந்துகொண்டது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டரை வருடம் யாரும் தொடாத பூட்டு அது. தொட வேண்டியவன் அவன் ஒருவன்தான். துருவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று சுத்தியல் கொண்டுவந்திருந்தான். சாவியைத் திருப்பியதும், தினமும் எண்ணெய் கண்டதுபோல் வழுக்கிக்கொண்டு விட்டது.

"என்ன மில்லி அண்ணே, அதிசயமா கீழ இறங்குறீங்க? பாதாளத்துல பொண்ணு பாத்திருக்கா?" மதகு இயக்குபவன் மேலிருந்து சிரித்தான்.

"போடா, உன் வேலையப் பாரு."

அணைச் சுவருக்குள் ஓடும் சுரங்கத்தில் இறங்கி, கசிவுநீர் வழியும் தகட்டில் அளவுகோலை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று தினமும் குறிப்பதுதான் அவன் வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஒரு மழைநாளில் முழங்கால் வலித்தது. முந்தின நாள் பதினெட்டு, அன்றும் பதினெட்டு என்று நாற்காலியிலிருந்தே எழுதினான். மறுநாளும். நடுநடுவே ஒரு பத்தொன்பது, நிஜம்போல் இருக்கட்டுமென்று. அந்த நோட்டை நம்பித்தான் அணை உறுதியாக இருக்கிறதென்று அறிக்கை எழுதினார்கள். அதை நம்பித்தான் சுவரை ஆறடி உயர்த்தினார்கள். கூட்டத்தில் பொறியாளர் அவன் தோளைத் தட்டிப் பாராட்டியபோது அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். அடக்கமான ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று முதல்முறையாகப் பழைய மட்டத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறுகிறது. இன்றைக்காவது உண்மையான அளவைச் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். முற்பகல் வெளிச்சம் முப்பதாவது படியோடு நின்றுவிட, அதன்பின் ஈரச் சுண்ணாம்பின் வாடையும், சுவர் முழுக்க வேர்த்து வழியும் சத்தமும், டார்ச் வட்டத்துக்கு வெளியே தன் மூச்சே தனக்குப் பின்னால் இறங்கி வருவதுபோன்ற உணர்வும் அவனோடு வந்தன. கீழே நீர் சலசலக்கவில்லை. அண்டாவில் கொட்டுவதுபோல் இரைந்தது.

நோட்டு நனைந்தாலும் சுவர் சாட்சி சொல்லும் என்று, தேதியையும் அளவையும் தகட்டருகே சாக்கட்டியால் எழுதிவைப்பது அங்கே வழக்கம். அவன் எழுதிய கடைசித் தேதிக்கு டார்ச்சைப் பிடித்தான்.

அது கடைசியாக இல்லை.

வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள்கூட விடாமல். பதினெட்டு. இருபத்தொன்று. முப்பது. நாற்பத்தேழு. எல்லாம் அவன் கையெழுத்து. ஏழின் குறுக்கே அவன் இழுக்கும் கோடுகூட இருந்தது. கடைசி வரியில் இன்றைய தேதி. அறுபத்துநாலு. தொட்டான். சாக்கட்டித் தூள் விரலில் ஒட்டியது.

அளவுகோலை வைத்தான்.

அறுபத்துநாலு.

தண்ணீர் பழுப்பாக இருந்தது. தெளிந்து கசிந்தால் அணை மூச்சுவிடுகிறது என்பார்கள். கலங்கிக் கசிந்தால் அடிமண் கரைகிறது.

சுவரிலிருந்த இன்டர்காம் அடித்தது.

"சொல்லுங்க மில்லி, எவ்ளோ?" பொறியாளர். "டவுனுக்குப் பத்து நாளைக்கு ஒருதடவதான் தண்ணி. ஆளாளுக்கு என் கழுத்தப் புடிக்கிறாங்க. இன்னும் ஒரு மீட்டர் ஏத்தட்டுமா?"

அணைக்கு நேர் கீழே ஊழியர் குடியிருப்பு. அதை ஒட்டிப் பள்ளிக்கூடம். அவன் மகள் இந்நேரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை போதும். மதகு திறக்கும், மணி அடிக்கும், பிள்ளைகள் மேட்டுக்கு ஓடுவார்கள். அப்புறம் கேட்பார்கள். நேற்றுப் பதினெட்டு, இன்றைக்கு எப்படி அறுபத்துநாலு? நோட்டைப் புரட்டுவார்கள். இறங்கி வருவார்கள். தோளைத் தட்டிய அதே கை.

"மில்லி? லைன்ல இருக்கீங்களா?"

வாயைத் திறந்தான். முகம் சுட்டது. அந்த இருட்டிலும், யாருமில்லாத இடத்திலும்.

"பதினெட்டு சார்."

"ராசியான வாய் உங்களுக்கு!"

மேலே மதகுகள் இறங்கி மூடும் உறுமல் சுவர் வழியாக வந்தது. ரிசீவர் இன்னும் அவன் கையில் இருந்தது. கூப்பிடலாம். இப்போதுகூட. விரல் அசையவில்லை.

தகட்டில் ஏதோ சிக்கித் தண்ணீர் தடுமாறியது. டார்ச்சைத் திருப்பினான்.

சிறிய கறுப்பு ஷூ. வார் நீலநூலால் தைக்கப்பட்டிருந்தது. கறுப்புநூல் கிடைக்காமல் காலையில் அவனே தைத்து, மகள் காலில் மாட்டிவிட்டது.

சுவரில் விரல்கூட நுழையாத விரிசலிலிருந்து இன்னொன்று பிதுங்கியது. பிறகு ஒரு பழுப்பு ஷூ. பிறகு இரண்டிரண்டாக. சின்னச் சின்னதாக. நெருக்கியடித்துக்கொண்டு தகட்டில் வந்து முட்டி நின்றன, காலுறைகளோடு.

காலுறைகள் காலியாக இல்லை.