மூச்சு வாங்க ஓடிய ஆபிதா

பத்து வயது ஆபிதாவைப் பார்ப்பவர்கள் ஆறு வயது என்றே நினைத்தார்கள். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால், "பாப்பாவை மடியில வச்சுக்கங்கம்மா" என்பார் கண்டக்டர். ஐந்தாம் வகுப்புப் புத்தகப் பையோடு அம்மா மடியில் உட்காருவது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அம்மா கமருன்னிசா அவளைத் தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

"வளர்றதுக்கு உடம்புலயே ஒரு ஹார்மோன் சுரக்கும்மா" என்றார் டாக்டர் அடைக்கலராஜ். "நல்லா ஓடினா அது ரத்தத்துல கூடும். பாப்பா மாடிப்படி ஏறி இறங்கட்டும். அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

அன்று எடுத்த ரத்தம் மெட்ராஸுக்குப் போனது. சில வாரங்களில் முடிவு வந்தது. ஹார்மோன் மிகவும் குறைவு!

"அடுத்த டெஸ்ட் கொஞ்சம் கஷ்டம். படுக்க வச்சு ஊசி போட்டு, திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்போம். அதுலயும் குறைவுன்னா வருஷக்கணக்கா ஊசி போடணும்" என்றார் டாக்டர்.

அம்மாவின் கண்கள் கலங்கின. ஆபிதா யோசித்தாள்.

"டாக்டர், படி ஏறினா மூச்சு வாங்கணுமா?"

"ஆமா. வேர்த்து ஊத்தணும்."

"எனக்கு வேர்க்கவே இல்லையே!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மூலையில் நின்ற நர்ஸ் லூர்துராணியின் முகம் வாடியது. அன்று அவர்தான், "பாவம், சின்னக் குழந்தை. மெதுவா ஏறுடா செல்லம்" என்று கையைப் பிடித்து, அங்கங்கே உட்கார வைத்து அழைத்துப் போனார்.

சிஸ்டருக்குத் திட்டு விழுமே என்று ஆபிதாவுக்குக் கவலையாகிவிட்டது.

"என்னைப் பார்த்தா எல்லாருமே மெதுவாப் போன்னுதான் சொல்வாங்க டாக்டர். ஸ்கூல்லயும் அப்படித்தான். நான் நல்லா ஓடுவேன். அதே டெஸ்ட்டை இன்னொரு தடவை எடுங்களேன். சிஸ்டர் என்னைத் துரத்தட்டும்!"

"நான்தான் உட்கார வச்சேன் டாக்டர்" என்றார் லூர்துராணி மெல்ல.

"எப்படி ஓடணும்னு நானும் சரியாச் சொல்லலையே" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க."

மறுநாள் மாடிப்படி அதிர்ந்தது.

"பிடிங்க பார்க்கலாம் சிஸ்டர்!"

"இரு… இருடி… அம்மாடி!"

வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் கை தட்டினார்கள். ஆபிதாவின் சட்டை நனைந்துவிட்டது. டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். சிஸ்டர் மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்துவிட்டதால் ரத்தத்தையும் அவரே எடுத்தார்.

சில வாரங்கள் கழித்து வந்த முடிவைப் படித்ததுமே டாக்டர் சிரித்தார்.

"ஹார்மோன் நல்லாவே இருக்கு. ஊசியே வேண்டாம். நம்ம ஆபிதா நிதானமா வளர்ற பொண்ணு, அவ்வளவுதான். இனிமே இந்த டெஸ்ட்டுக்கு வர்ற எந்தக் குழந்தைக்கும் வேர்த்து ஊத்தின பிறகுதான் ரத்தம் எடுக்கணும் சிஸ்டர்."

அம்மா ஆபிதாவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது, மாடிப்படி அருகே அதே டெஸ்ட்டுக்கு வந்த ஒரு குட்டிப் பையன் நின்றான். பெயர் அமிர்தராஜ். "மெதுவாப் போப்பா, விழுந்துடாதே" என்றார் அவன் அம்மா.

"அதெல்லாம் இல்லைங்க. எட்டு வயசுப் பையன், நல்லா ஓடுவான்" என்று சொல்லி லூர்துராணி புடவையை இழுத்துச் செருகினார். ஆனால், படியைப் பார்த்ததுமே அவருக்குப் பெருமூச்சு வந்தது.

ஆபிதா செருப்பைக் கழற்றினாள்.

"நீங்க உட்காருங்க சிஸ்டர். இவனை நான் துரத்துறேன்!"