கிணறு ஏறும் நண்டு

பிரெடி மூன்று வாரமாக ஒரு நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அது கணினி விளையாட்டு நண்டு. ஆழமான கிணற்றின் அடியிலிருந்து கல் கல்லாகத் தாவி வெளியே வரவேண்டும். ஒரு தாவல் பிசகினாலும் ‘தொபுக்’ என்று அடித் தண்ணீருக்கே போய்விடும். அந்த விளையாட்டை உருவாக்கியவருக்கு இரக்கமே கிடையாது. குருண் ஊரில் இருந்த அவர்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்காத நாளில்லை. சமையலறையிலிருந்து அம்மா, “திரும்பக் குளிக்கப் போயிருச்சா?” என்று கேட்பார்.

மடிக்கணினி ஜெயகுமார் மாமாவுடையது. அன்று மாலை ஆறு மணிக்கு அலோர் ஸ்டார் நகரிலிருந்து வந்து அதை எடுத்துப் போகப்போகிறார். அவர் பாதிக் கிணறுகூடத் தாண்டியதில்லை. மாமா கண்முன்னால் நண்டை வெளியே கொண்டுவந்து காட்டுவதாகப் பிரெடி சொல்லி வைத்திருந்தான். இன்னும் நான்கே தாவல்கள். நண்டை அந்தக் கல்லிலேயே நிற்கவைத்துவிட்டு டியூஷனுக்குப் போனான்.

மூன்று மணிக்கு ஜெராய் மலைப் பக்கமிருந்து மழை வந்தது. கூரை ஒழுகி மேசையில் சொட்டியது. தங்கை லிண்டா ஓடிப்போய் மடிக்கணினியைத் தூக்கினாள். கட்டைவிரல் ஒரு பொத்தானில் பட்டது.

தொபுக்.

நண்டு அடித் தண்ணீரில் கிடந்தது. தானாக விழுந்துவிட்டது என்று சொன்னால் அண்ணன் நம்பிவிடுவான். அவன் நம்புவான் என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஈரம் படாத மூலையில் உட்கார்ந்து நண்டை ஏற்ற ஆரம்பித்தாள். இதுவரை அவள் ஆடியதில்லை. ஆனால் மூன்று வாரமும் அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தாள். பாசிக் கல்லில் அவசரப்பட்டால் வழுக்கும். தொங்கும் வாளி ஆடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஆறு முறை விழுந்தாள். ஏழாம் முறை ஏறிக்கொண்டே போனாள்.

ஐந்தே முக்காலுக்குப் பிரெடி வந்தான். லிண்டா எழுந்து நின்றாள்.

“அண்ணே, உன் நண்ட நான்தான் விழவெச்சேன். மழை ஒழுகிச்சு. லேப்டாப்பத் தூக்குறப்ப கை பட்டுருச்சு.”

பிரெடி பையைக் கீழே போட்டான். “மூணு வாரம் லா, லிண்டா” என்றான். அவன் குரல் உடைந்ததைக் கேட்டு அவளுக்கும் அழுகை வந்தது.

பிறகுதான் அவன் திரையைப் பார்த்தான். நண்டு அதே உயரத்தில், அதே கல்லில் நின்றது. எப்படி ஏற்றினாய் என்று கேட்டான்.

“நீ விழுந்த எடமெல்லாம் எனக்குத் தெரியும்ணே. அங்கல்லாம் பாத்துப் போனேன். மிச்சத்த நீ ஏறு.”

பிரெடி உட்கார்ந்தான். பொத்தானில் விரலை வைத்தவன் எடுத்துவிட்டான். எழுந்து அவளை உட்காரவைத்து, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மாமா ஈரச் செருப்போடு உள்ளே வந்தபோது இன்னும் இரண்டு தாவல்கள் இருந்தன. ஒன்று. இன்னொன்று. திரை முழுக்க நீல வானம் விரிந்தது.

யார் ஏறியது என்று மாமா வாயைப் பிளந்தார்.

“விழுந்தது நான், ஏறுனது இவ” என்றான் பிரெடி பெருமையாக. “ரெண்டும் வேணும் மாமா.”

வெகுநேரமாகத் ‘தொபுக்’ சத்தத்தையே காணோமே என்று அம்மா எட்டிப் பார்த்தார். வெளியே வந்து நின்ற நண்டைக் கண்டதும், “துவட்டத் துண்டு கொண்டாரவா?” என்று கேட்டார்.