பழுதான இருபத்தாறு மந்திகள்

காலை ஆறரை மணிக்குப் பிலோமினா குரங்குகளின் வயிற்றைத் திறந்து கழுவத் தொடங்குவாள். மொத்தம் பதினான்கு குரங்குகள். ஒவ்வொன்றையும் மல்லாக்கக் கிடத்தி, விலாவுக்குக் கீழே இருக்கும் மூடியைத் திருகி, முந்தைய நாள் அது விழுங்கியதையெல்லாம் வாளியில் கொட்ட வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல், கிரீம் பிஸ்கட், பாதி கடித்த போண்டா, கோயில் லட்டு. ஒருமுறை ஒரு குரங்கின் வயிற்றிலிருந்து பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகை வந்தது. யாரோ குரங்கைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள்.

அவை நிகர்மந்திகள். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால், கருகருவென்ற உடல் என்று பார்வைக்கு அச்சு அசல் சோலைமந்திதான். கொடுத்ததை வாங்கும், விழுங்கும், இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிடும், பிறகு மூன்று கோணங்களில் முகத்தைக் காட்டும். வந்தவர்கள் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினால், அவர்கள் விழிக்குள் பொருத்தியிருக்கும் படமெடுக்கும் வில்லை அதைப் பதிவுசெய்துகொள்ளும்.

யோசனை பிலோமினாவுடையது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் மலைச்சாலையின் ஒன்பதாம் வளைவில் உண்மையான சோலைமந்திகள் சாலைக்கு வந்து, வறுவலுக்குப் பழகி, வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தன. ஒரே மழைக்காலத்தில் பதினோரு சடலங்களைப் புதைத்த பிறகு, கள உயிரியலாளரான அவள் வனச் சுற்றுலா வாரியத்துக்கு எழுதினாள்: மக்களுக்குத் தீனி போட ஏதாவது வேண்டும் என்றால், பொம்மைக்குப் போடட்டும். பொம்மை வந்தது. மந்திகளை அவள் மெல்ல மேலே நீர்மத்திச் சோலைக்குள் பழக்கிவிட்டாள்.

அவை பொம்மை என்று தெரிந்தால் கூட்டம் குறையும் என்று அவள் பயந்திருந்தாள். தெரிந்த பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. கடிக்காது, நாறாது, கூப்பிட்டால் வரும். மனிதன் இயற்கையிடம் இவ்வளவு காலமும் எதிர்பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

சோலைக்குள் இருந்தவை இருபத்தாறு. பூமியில் மிச்சமிருந்த சோலைமந்திகளும் அந்த இருபத்தாறுதான். காது கிழிந்த மூத்த பெண் எந்த மாதம் எந்த வெடிப்பலா காய்க்கும் என்று அறிந்து கூட்டத்தை நடத்தியது. பிலோமினா தினமும் வயிறு கழுவி முடித்ததும் மலையேறி, மாலை வரை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டு இறங்குவாள். பத்தொன்பது வருடமாக அவள் செய்த வேலை அது. அவளுடைய எண்ணிக்கையை அரசு ஏற்பதில்லை என்பதுதான் சிக்கல்.

வனத்துறை ஊழியர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இல்லாத விலங்கை இருப்பதாகச் சொல்லக்கூடும் என்று ஒரு குழு கண்டுபிடித்திருந்தது. அதனால் உயிரினக் கணக்கெடுப்பு முழுவதும் 'பார்வைப் பதிவேடு' என்ற தானியங்கிக்குப் போய்விட்டது. பார்வையாளர்களின் விழிப்படங்களை அது சலித்துப் பார்க்கும். தொடர்ந்து ஒன்பது வருடம் எவர் கண்ணிலும் படாத இனம் அற்றுப்போன இனம். அதன் காடு வெறும் நிலம்.

சோலைமந்திக்கு இன்னும் நாற்பது நாட்கள் இருந்தன.

வாரியத்தின் இணை இயக்குநர் கோகுலரமணன் அதைச் சொல்லத்தான் நேரில் வந்தார். வந்ததும் ஒரு நிகர்மந்திக்கு முறுக்கு கொடுத்தார். அது கும்பிட்டது. அவரும் கும்பிட்டார்.

"என்னம்மா பிலோமினா, மேல மேகமாளிகை கட்டலாம்னு முடிவாகியிருக்கு. கண்ணாடித் தளம், தங்குற அறை எல்லாம். உங்க நிகர்மந்தி இன்னும் இருநூறு வாங்கறோம். சந்தோஷமா?"

"சார், மேல இருபத்தாறு உசிரு இருக்கு."

"யார் பாத்தாங்க?"

"நான் தினமும் பாக்கறேன் சார்."

"நீங்க பாத்தா எப்படி? மக்கள் பாக்கணும்ல. மக்கள் வரிப்பணம்." அவர் விரலில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார். "ஒன்பது வருஷமா ஒருத்தர் கண்ணுலகூடப் படாம ஒரு குரங்கு ஒளிஞ்சிக்குதுன்னா, அதுக்கே நம்மகூட இருக்க இஷ்டம் இல்லேன்னுதானே அர்த்தம்?"

அவர் போன பிறகு பிலோமினா அந்த முறுக்கைக் குரங்கின் வயிற்றிலிருந்து வாளியில் கொட்டினாள். ஒன்பது வருடம் மனிதக் கண்ணிலிருந்து மறைத்து வளர்த்தவற்றை இனி அவளே காட்ட வேண்டும்.

நிகர்மந்திகளைப் பராமரிக்கும் ஆறுச்சாமி பொள்ளாச்சிக்காரர். அவரிடம்தான் சொன்னாள்.

"அண்ணே, அடுத்த வாரம் கூட்டம் கிழக்குச் சோலைக்குப் போகும். அங்க வெடிப்பலா காய்ச்சிருக்கு. மரத்துக்கு மரம் நான் கட்டின தொங்குபாலத்துலதான் ரோட்டைத் தாண்டும்."

"ஆமாங்க அம்மணி. வருசா வருசம் போறதுதானுங்களே."

"இந்த வருஷம் பாலத்தை அவுத்திடலாம்னு இருக்கேன்."

ஆறுச்சாமி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "தரையில எறங்கி நடக்கோணுமுங்களே? வண்டி கிண்டி வந்துச்சுன்னா?"

"உங்க வேனை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, ரிப்பேர்னு சொல்லிடுங்க. நம்ம பதினாலையும் அணைச்சு உள்ள போட்டுடலாம். ஒரே ஒரு காலை. ஜனங்க நின்னு, நிஜத்தைப் பாத்துட்டுப் போகட்டும்."

"பாத்தாப் போதுமுங்களா?"

"கண்ணைச் சிமிட்டினா போதும்."

அவள் பாலத்தை அவிழ்க்கப் போனாள். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி அவளே முப்பதடி உயரத்தில் ஏறிக் கட்டிய பாலம் அது. முடிச்சுகள் மழையில் இறுகிப்போயிருந்தன. கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் காதுகிழிந்தாள் சாலையோர மரத்துக்கு வந்தது. பாலம் இருந்த இடத்தைப் பார்த்தது. கீழே பார்த்தது. வேனுக்கு இரண்டு பக்கமும் முப்பது நாற்பது பேர், கையில் தீனிப் பொட்டலத்தோடு, நிகர்மந்திகள் எங்கே என்று ஆறுச்சாமியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் அது கிளையில் அசையாமல் இருந்தது. பிறகு பசி வென்றது. அது இறங்க, கூட்டம் முழுவதும் பின்னால் இறங்கியது.

குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட தாய்கள் தார்ச்சாலையில் ஓடின. கூட்டத்தின் தலைவனான ஆண் மந்தி நடுச்சாலையில் நின்று கோரைப் பல்லைக் காட்டிக் காவல் காத்தது. ஒரு பெண்மணி அதன் முன்னால் வறுவலை நீட்டினாள். அது வாங்கவில்லை. உறுமியது. "கும்பிடு, கும்பிடு" என்றாள் அவள். அது கும்பிடவில்லை. பேன்ட் போட்ட ஒருவர் அதன் விலாவைத் தடவி எதையோ தேடப்போக, அவர் கையில் ஓர் அறை விழுந்தது. மரத்தில் கடைசியாக நின்ற இளவட்டம் ஒன்று பயத்தில் நேராக ஒரு குடும்பத்தின்மேல் மூத்திரம் பெய்துவிட்டு இறங்கி ஓடியது.

எல்லோரும் கண்ணைச் சிமிட்டினார்கள். இருபத்தாறும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது பிலோமினா அழுதாள். ஆறுச்சாமி வேனைக் கிளப்பினார்.

மறுநாள் பதிவேட்டிலிருந்து முடிவு வந்தது. முப்பத்துநான்கு படங்கள். சோலைமந்தி என்று ஒன்றுகூட அடையாளம் காணப்படவில்லை. தானியங்கி ஒன்பது வருடமாகப் பார்த்து வளர்ந்ததெல்லாம் கோடிக்கணக்கான நிகர்மந்தி முகங்களைத்தான். வெள்ளிப் பிடரியைக் கண்டால் அதற்கு நிகர்மந்தி. கூடவே பார்வையாளர்களின் முப்பத்துநான்கு புகார்கள்: தீனி வாங்கவில்லை. கும்பிடவில்லை. முகம் காட்ட மறுக்கிறது. நாற்றம். ஒழுகல்.

புகாருக்குக் கீழே உத்தரவும் தயாராக இருந்தது. பழுதான நிகர்மந்திகள் இருபத்தாறு. மூன்று நாட்களுக்குள் வலைவீசிப் பிடித்து, நொறுக்கும் ஆலைக்கு அனுப்பவும். வாரியம் வாங்கியது பதினான்குதான் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

பிலோமினா கோயம்புத்தூரிலிருந்த வாரிய அலுவலகத்துக்கு விரைந்தாள். கோகுலரமணன் அவளை உட்காரச் சொல்லிக் காப்பியும் வரவழைத்தார்.

"சார், அதெல்லாம் நிஜக் குரங்கு. நொறுக்கிடாதீங்க."

"இருக்கட்டும்மா. நிஜம்னே வெச்சுக்குவோம். இன்னும் ஒரு மாசத்துல பதிவேட்டுல அந்த இனமே இருக்காது. இல்லாததுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? யார் வேணும்னாலும் புடிக்கலாம், அடிக்கலாம். யாரும் கேக்க முடியாது."

"அப்ப நிகர்மந்தின்னா?"

அவர் முகம் உடனே கண்டிப்பானது. "அது அரசாங்கச் சொத்து. ஒரு கீறல் விழுந்தாலும் ஏழு வருஷம் உள்ள இருக்கணும். நொறுக்கறதுக்குக்கூடக் களப் பொறுப்பாளர், அதாவது நீங்க, சரிபண்ண முடியாதுன்னு எழுதித் தந்தாத்தான் ஆச்சு."

"சரிபண்ண முடியும்னு நான் எழுதினா?"

"அப்ப எடுக்கவே முடியாது. பழுது கிடக்கற இடத்தையே கிடங்கா அறிவிச்சு, வேலி போட்டு, காவல் வெச்சு, வேலை முடியற வரைக்கும் வெளியாள் யாரும் கால் வைக்கக் கூடாது. விதி எழுபத்தொண்ணு." அவர் காப்பியை உறிஞ்சினார். "ஏன் கேக்கறீங்க?"

அவள் இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதல் தாள் எளிதாக இருந்தது: மேற்கண்ட இருபத்தாறு இயந்திரங்களும் சரிசெய்யத் தக்கவை, காலம் ஆகும். இரண்டாவது தாள், அவை இயந்திரங்கள் என்பதால் தானாகவே வந்து சேர்ந்தது: என் களப்பகுதியில் உயிருள்ள சோலைமந்தி எதுவும் இல்லை என்று உறுதி அளிக்கிறேன். பேனாவைப் பிடித்தபடி அவள் காதுகிழிந்தாளை நினைத்தாள். பத்தொன்பது வருடம் தினமும் எண்ணி எழுதிய விரல்கள் அந்த ஒரு வரிக்குக் கீழே போக மறுத்தன. கோகுலரமணன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் போட்டுவிட்டாள்.

ஒரு வாரத்தில் நீர்மத்திச் சோலையும் கிழக்குச் சோலையும் சேர்ந்து 'வனப் பழுதுக் கிடங்கு' ஆயின. எத்தனை மனு போட்டும் கிடைக்காத வேலி வந்தது. கேட்டுக் கேட்டு அலுத்த காவலர்கள் ஆறு பேர் வந்தார்கள். தொங்குபாலம் எஃகு வடத்தில் எழுந்தது. மேகமாளிகை வேறு மலைக்குப் போனது; உயிர்கள் இருக்கும் காட்டை அழிக்க வழி இருந்தது, அரசுக் கிடங்கின் வேலியைப் பிரிக்க வழி இல்லை. மரம் வெட்ட வந்த ஒருவனைக் காவலர்கள் இயந்திரத் திருடன் என்று பிடித்துப் போனார்கள். அறிவிப்புப் பலகையில் 'பழுதானவை' என்ற சொல்லைப் படித்ததுமே பார்வையாளர்கள் முகம் சுளித்து நகர்ந்தார்கள். வேலை செய்யாத பொருளை யார் பார்ப்பார்கள்?

நாற்பதாவது நாள் சோலைமந்தி சட்டப்படி அற்றுப்போனது. ஒன்பதாம் வளைவில் அதற்குப் பளிங்குச் சிலை வைத்தார்கள். மூவாயிரம் பேர் கறுப்புப் பட்டை அணிந்து வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இரங்கற்பா பாடினார்கள். ஓர் அம்மாள், நாமெல்லாம் பாவிகள் என்று மார்பில் அடித்துக்கொண்டு விசும்பினாள். களப் பொறுப்பாளர் என்ற முறையில் முதல் மாலையைப் பிலோமினாதான் போட வேண்டியிருந்தது. போட்டாள்.

இரண்டு நிமிட மௌன அஞ்சலி தொடங்கியது. மூவாயிரம் தலைகள் குனிந்தன. அப்போது வேலிக்கு அப்பால், வெடிப்பலா மரத்தின் உச்சியிலிருந்து, தலைவன் குரல் கொடுத்தது.

"கூ… கூ… கூ…"

பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணிச் சேர்க்கும் குரல் அது. மலை முழுக்க எதிரொலித்தது. விசும்பிக்கொண்டிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் உச்சுக்கொட்டல் கிளம்பியது.

கோகுலரமணன் குனிந்த தலையை நிமிர்த்தாமலே பிலோமினாவின் பக்கம் சாய்ந்தார். "செத்ததுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமாம்மா? அந்தப் பழுதெல்லாத்தையும் அணைச்சு வைக்கக் கூடாதா?"

"அணைக்க முடியல சார்," என்றாள் பிலோமினா. "அதுதான் பழுதே."